அஜரேஷன்: 'மண்மேடாக்கம்' வேண்டாம், 'கரையட்டல்' போடலாமா?

அண்ணே, வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மண்ணைக் கொட்டி மேடு எழுப்பும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'அஜரேஷன்' (aggeration) என்கிறார்களே, நம் சொற்பட்டியலில் அதற்கு நீங்கள் சொன்ன 'மண்மேடாக்கம்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேடு தானாக எழும்பியதா, ஆள் வைத்துப் போட்டதா என்பது அதில் தெரியவில்லை. வண்டல் படிந்து ஆற்று வாய் மேடாவதும் மண்மேடாக்கம்தானே?

அஜரேஷன் அப்படியில்லை. லத்தீனில் 'அக்கெர்' என்றால் கொட்டி எழுப்பிய மேடு, கரை, நகரைச் சுற்றிப் போட்ட மண் அரண், எல்லாம்தான். பிரித்தால் 'அட்' என்பது ஓர் இடத்தை நோக்கி, 'கெரெரே' என்பது சுமப்பது. ஆக, மண் சுமக்கிற ஆள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறான். கி.மு. 52-இல், இன்றைய பிரான்சில் இருந்த அவாரிக்கம் நகரை முற்றுகையிட்டபோது தன் படை 25 நாளில் 330 அடி அகலம், 80 அடி உயரத்துக்கு இப்படி ஒரு மேட்டை எழுப்பியது என்று சீசர் எழுதி வைத்திருக்கிறார். மிகைப்படுத்துவதை ஆங்கிலத்தில் 'எக்சாஜரேட்' என்கிறோமே, அதற்கும் இதே அக்கெர்தான் வேர், மேலே மேலே குவிப்பது (சீசர் சொல்லும் கணக்கிலும் அது கொஞ்சம் கலந்திருக்கலாம்).

மண் சுமப்பது நமக்கு என்ன புதுசா? உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாகி வைகைக் கரையடைக்கப் போய் முதுகில் பிரம்படி வாங்கிய சாமி நம்முடையது.

'மண்ணணைப்பு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் வாழைக்கும் கரும்புக்கும் மண் அணைப்பது விவசாயத்தில் ஏற்கெனவே வேறு வேலை. 'மண்ணணை' என்று சுருக்கினால் இன்னும் வம்பு, பினாங்குத் தீவின் தெலுக் பஹாங்கில் நிற்பதே மண் அணைதான், தண்ணீரைத் தேக்க. ஆங்கிலத்தில் கரைமேட்டுக்குச் சொல்லும் 'பண்ட்' (bund) என்றே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒன்று: அது பாரசீக 'பந்த்' இந்தியா வழியாக ஆங்கிலத்தில் ஏறி வந்தது, மேட்டுக்குப் பெயராகும், மேடு போடும் வேலைக்கு ஆகாது.

எனக்குப் பிடித்தது கல்வெட்டில் இருக்கிறது. ஊர்ச்சபை ஏரி வாரியம் என்று ஒரு குழு வைத்து ஏரியைப் பார்த்துக்கொண்ட காலத்தில் குழி குத்தி மண்ணெடுத்துக் கரையில் போடுவதைக் 'கரையட்டுதல்' என்றார்கள். அட்டுதல் என்றால் வார்ப்பது, இடுவது. தானம் கொடுக்கும்போது நீர் அட்டிக் கொடுத்தார்கள் அல்லவா, அதே அட்டுதல். எங்கிருந்தோ எடுத்து வந்து இங்கே இடுவது என்ற பொருள் அப்படியே கிடைக்கிறது. ஆகவே வேலைக்குக் கரையட்டல், எழும்பி நிற்பதற்கு வெறும் கரை. சரிதானே?

—

தம்பி, கோலாலம்பூரிலிருந்து நான். மண்மேடாக்கத்தை விட்டுவிடுகிறேன், வண்டல் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சீசர் போட்டது கரையா? தண்ணீர் இல்லாத பக்கத்தில் மதில்மேல் ஏறப் போட்ட சாய்மேடு அது. அதையும் கரையட்டல் என்றால் படிக்கிறவன் ஆற்றைத் தேடுவான். பெயர் தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் 'காஸ்வே' பாதையைப் பாருங்கள். 1924-இல் திறந்தது, தூண்மேல் நிற்கவில்லை, நீரிணையில் கல்லைக் கொட்டி எழுப்பியது. மலாய்க்காரர்கள் 'தம்பாக்', அதாவது கொட்டி எழுப்பிய கரை, என்று சரியாகச் சொல்கிறார்கள். நாம் மட்டும் கடற்பாலம், கடற்பாலம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், சென்னைப் பையன்களிடம் 'அட்டு' என்றால் மட்டமானது என்று அர்த்தம். சிரிக்கப் போகிறார்கள்.

—

சிரிக்கட்டும் அண்ணே, கல்வெட்டு அவர்களுக்கு முந்தியது. தண்ணீர் இல்லாத பக்கம் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அப்படியானால் பொதுச்சொல்லாக 'மண்ணட்டல்' என்று வைத்துக்கொண்டு, ஏரி, ஆறு, கடலோரம் வரும்போது மட்டும் கரையட்டல் என்போம். சீசர் செய்தது மண்ணட்டல், ஏரி வாரியம் செய்தது கரையட்டல். ஜொகூரில் கொட்டியது கல் என்பதால் 'கல்லட்டல்' என்றும் தயங்காமல் நீட்டலாம். பட்டியலில் மண்ணட்டலை முதலில் போடுங்கள். பினாங்கின் தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதற்கு வேறு சொல் வேண்டும், அதைத் தனி மடலில் பேசுவோம், இதில் கலக்க வேண்டாம்.