குவாலிஸைத் தாழ்த்தினால் தரை இடைவெளி குறையுமா, குறையாதா?

பேட்டைப் பட்டறை:
'வெள்ளைக் குவாலிஸ்' என்ற அன்பர் நேற்று இங்கே எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு உறக்கம் வரவில்லை. தம்முடைய 2003ஆம் ஆண்டு டொயோட்டா குவாலிஸ் வண்டியை முன்னும் பின்னும் 2 அங்குலம் தாழ்த்தியதாகவும், அதற்குப் பிறகும் "தரை இடைவெளி ஒரு நூல்கூடக் குறையவில்லை" என்றும் அவர் எழுதியிருக்கிறார். லாரியின் ஸ்பிரிங் பட்டை அடித்தே 30 ஆண்டுகள் கழித்தவன் நான். கட்டில் காலை 2 அங்குலம் அறுத்த பிறகும் கட்டிலுக்கடியில் பெட்டி முன்போலவே நுழைகிறது என்று சொன்னவரை இதுவரை கண்டதில்லை. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். 2 அங்குலத்துக்கு 16 நூல். அந்த 16 நூலும் எங்கே போயின என்று அவர் சொல்ல வேண்டும்.

வெள்ளைக் குவாலிஸ்:
அண்ணாச்சிக்கு வணக்கம். நான் எழுதியது பன்னிரண்டு வரி. அதில் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். லாரி சேஸி போன்ற சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த வண்டி இது. பின்னால் இரு சக்கரத்தையும் இணைத்து ஒரே தண்டாக ஆக்சில் ஓடுகிறது. அதன் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்தான், அதாவது இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்களின் கூடுதான், தரைக்கு மிக அருகில் உள்ள இடம். அது பட்டையில் தொங்கவில்லை, சக்கரத்தில் நிற்கிறது. பாடியை எவ்வளவு இறக்கினாலும் ஹவுசிங் இறங்காது. டயரின் உயரத்தை மாற்றினால்தான் அது ஏறும், இறங்கும். வேலைக்கு முன்பும் பின்பும் ஹவுசிங்குக்கு அடியில் ஸ்கேலை நிறுத்தி அளந்தேன். இரண்டு முறையும் ஏழரை அங்குலம். பட்டையையும் நான் கழற்றவில்லை, வளைவை மட்டும் தட்டிக் குறைக்கச் சொன்னேன். அம்மாவுக்கு வயது 74. முழங்கால் வலியால் வண்டியில் ஏற முடியாமல், போகிற இடமெல்லாம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். இப்போது முக்காலி வீட்டில் இருக்கிறது.

பேட்டைப் பட்டறை:
அம்மாவின் முழங்காலை யாரும் குறை சொல்லவில்லை. நான் கேட்டது 16 நூலை. பின்பக்கத்தைக் காட்டி முன்பக்கத்தை ஒளித்துவிட்டீர்கள். உங்கள் வண்டிக்கு முன்னால் ஏது ஆக்சில்? அங்கே இரு சக்கரமும் தனித்தனி; டார்ஷன் பார் என்ற முறுக்குத் தண்டுதான் பாடியைத் தாங்குகிறது. அதன் நங்கூர போல்ட்டை இளக்கினால் சேஸியின் குறுக்குச் சட்டம், அதை ஒட்டிய எஞ்சின் அடிப்பாகம், சைலன்சர் குழாய் எல்லாம் சேர்ந்து கீழே வரும். அங்கே ஸ்கேலை நிறுத்தினீர்களா? நிறுத்தியிருக்க மாட்டீர்கள். வீட்டு வாசலில் நிற்கும்போது மட்டும் வண்டி தரையைத் தொடாமல் இருந்தால் போதும் என்றால், ஸ்பிரிங்கே வேண்டாம், நான்கு செங்கல் போதும்.

ஜங்ஷன் பயணி:
இருவரும் ஒரு நிமிடம் பொறுத்தருள வேண்டும். தரை இடைவெளி என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். வண்டியின் மிகத் தாழ்ந்த ஒரே புள்ளியா, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள வயிற்றுப் பகுதியா? மேட்டின் மேல் ஏறும்போது தட்டுவது பெரும்பாலும் வயிறுதான்.

வெள்ளைக் குவாலிஸ்:
ஏழரை அங்குலம், அண்ணாச்சி. முன்பும் ஏழரை, பின்பும் ஏழரை.

பேட்டைப் பட்டறை:
முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் எவ்வளவு?

அம்பை வாசகன்:
நானும் குவாலிஸ்காரன்தான். டொயோட்டா இந்தியாவில் விற்ற முதல் வண்டி. 2000இல் வந்தது, 2005இல் நிறுத்திவிட்டார்கள், இன்னமும் எங்கள் தெருவில் மூன்று ஓடுகின்றன. அளவைப் பற்றி நான் பேசவில்லை, அனுபவத்தைச் சொல்கிறேன். வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. அந்த அளவில் போட்ட தடையில் தாழ்த்திய வண்டியும் சிரமமில்லாமல் ஏறி இறங்கும். ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் வழியில் ஊரார் ஆளுக்கொரு சட்டி சிமெண்டைக் கொட்டிப் போட்ட தடைகளுக்கு எந்த அளவும் கிடையாது. என் மைத்துனர் தாழ்த்திய வண்டியில் அப்படி ஒன்றின் மேல் ஏறினார். முன்சக்கரம் இறங்கியதும் வயிற்றுக்கடியில் "கரக்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்து, குழாய் தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் மட்டும் பத்திரமாக இருந்தது.

வெள்ளைக் குவாலிஸ்:
உங்கள் மைத்துனர் எத்தனை பேரை ஏற்றியிருந்தார், எந்த வேகத்தில் வந்தார் என்பதெல்லாம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. மேலும் சைலன்சர் ரப்பர் அறுவதற்குத் தாழ்த்த வேண்டும் என்பதில்லை. 20 ஆண்டு ஆன ரப்பர் நிறுத்தி வைத்தாலும் அறும். இந்தோனேசியாவில் இதே வண்டி கிஜாங் என்ற பெயரில் ஓடுகிறது. அங்கே அதைத் தாழ்த்துவதற்கு 'செப்பர்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

பேட்டைப் பட்டறை:
இந்தோனேசியாவில் நம் களக்காட்டுச் சாலை இருக்கிறதா? 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷனையே சூழ்ந்தபோது இந்தச் செப்பர் வண்டி எங்கே நின்றிருக்கும்? சரி, வேலையைப் பேசுவோம். வளைவைக் குறைத்தால் பட்டை நீளும். நீண்டால், பட்டையின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிளின் சாய்வு மாறும். காலி வண்டியில் அது தெரியாது. எட்டுப் பேரை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆக்சில் சேஸியில் மோதாமல் தடுக்கும் ரப்பர் முட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இருந்த இடத்தில் 2 அங்குலத்தை நீங்கள் ஏற்கெனவே தின்றுவிட்டீர்கள். மிச்சத்தை எட்டுப் பேரின் எடை தின்றுவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு குழியும் நேரே சேஸிக்குப் போகும், சேஸியிலிருந்து அந்த அம்மையின் முழங்காலுக்குப் போகும். முன்னால் கேம்பர் கோணம் மாறி, சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் வேலையைப் பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு மழித்த மண்டை போல ஆகிவிடும். பாடிக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே கம்பி கோத்த பிரேக் வால்வு உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம். பாடி தாழ்ந்ததைப் பாரம் ஏறியதாக அந்த வால்வு எடுத்துக்கொண்டு, காலி வண்டியிலும் பின்சக்கரத்துக்கு அழுத்தத்தைக் கூட்டி அனுப்பும். ஈரச் சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வால் வீசும். இவ்வளவையும் விட்டுவிட்டு, குறையவே குறையாத ஒரே இடத்தில் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு வந்திருக்கிறார். காய்ச்சல்காரனுக்கு நகத்தில் சூடு பார்த்த கதை.

வெள்ளைக் குவாலிஸ்:
ஆக, ஹவுசிங்குக்கு அடியில் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

பேட்டைப் பட்டறை:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. குறுக்குச் சட்டத்துக்கு அடியில் எவ்வளவு?

தென்காசிச் சாரல்:
'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்று எல்லோரும் சொல்வதை விட்டுவிட்டுத் 'தரை இடைவெளி' என்று எழுதுவதால்தான் இவ்வளவு குழப்பமும். வண்டி வேலைக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினால் போல்ட் இறுகிவிடுமா? போகட்டும், நம் மாவட்டத்தில் குற்றாலம் சாலையில் என் தாழ்த்திய சுமோ எட்டு ஆண்டாக ஓடுகிறது.

பேட்டைப் பட்டறை:
தென்காசி தனி மாவட்டமான 2019 நவம்பர் 22 முதல் குற்றாலம் உங்கள் மாவட்டம், எங்கள் திருநெல்வேலி மாவட்டம் அன்று. போல்ட்டை நான் சாவியால் இறுக்குகிறேன், சொல்லால் இறுக்குவதில்லை. சுமோவை இங்கே இழுக்க வேண்டாம், அது வேறு வண்டி.

ஜங்ஷன் பயணி:
சட்டத்தையும் ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிய அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

வெள்ளைக் குவாலிஸ்:
ஆர்.சி.யில் சக்கர இடைத்தூரம் இருக்கிறது, காலி எடை இருக்கிறது, இருக்கைக் கணக்கு இருக்கிறது. தரை இடைவெளி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். அப்படியே இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, ஏனென்றால் அது குறையவில்லை. 2023இல் தகுதிச் சான்று பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பித்தபோது ஆய்வாளர் ஒரு சொல் சொல்லவில்லை.

அம்பை வாசகன்:
தாழ்த்தியதே போன மாதம் என்று நேற்று எழுதினீர்கள். தாழ்த்தாத வண்டியைப் பார்த்து அவர் 2023இல் என்ன சொல்லியிருக்க முடியும்? அடுத்த புதுப்பிப்பு 2028இல். அப்போது அவர் சொல்வதைக் கேட்போம். அம்மாவுக்காக என்றால் பக்கவாட்டில் ஒரு கால்படி வைத்திருக்கலாமே.

வெள்ளைக் குவாலிஸ்:
கால்படி பாடிக்குக் கீழே தொங்கும். தரை இடைவெளி குறைந்துவிடும்.

பேட்டைப் பட்டறை:
இதை எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கால்படி தொங்கினால் தரை இடைவெளி குறையுமாம், குறுக்குச் சட்டம் இறங்கினால் குறையாதாம். போன ஆண்டு முன்சக்கர பேரிங்கை விரலால் ஆட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று இங்கே ஒருவருக்கு யோசனை சொன்னவரும் இவர்தான். அந்த வண்டி வள்ளியூருக்கு அப்பால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. நான் மறக்கவில்லை.

வெள்ளைக் குவாலிஸ்:
அந்தப் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தவர் யார் என்பதையும் நான் மறக்கவில்லை, அண்ணாச்சி. சபையில் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

பேட்டைப் பட்டறை:
தாராளமாகச் சொல்லலாம், நான் வைத்த கிரீஸில் குற்றம் இல்லை. பேச்சை மாற்ற வேண்டாம். வருகிற ஞாயிறு காலை வண்டியைப் பேட்டைக்குக் கொண்டு வாருங்கள். எட்டுப் பேரை நான் தருகிறேன். எல்லோரும் பட்டறை ஆட்கள், ஒருவரும் 70 கிலோவுக்குக் குறையமாட்டார்கள். முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் என் ஸ்கேலை நிறுத்துவோம்.

வெள்ளைக் குவாலிஸ்:
வருகிறேன். ஆனால் ஸ்கேல் என்னுடையது. உங்கள் ஸ்கேலின் முனையில் முதல் இரண்டு நூல் தேய்ந்து போயிருக்கிறது என்பது பேட்டை முழுவதற்கும் தெரியும்.

பேட்டைப் பட்டறை:
தேய்ந்தது இரண்டு நூல் இல்லை, ஒரு நூல். அதைக் கழித்துத்தான் நான் எப்போதும் அளக்கிறேன்.