புதுப்பிப்பு: வங்கி ஏல அறிவிப்பில் வரும் சுருக்கங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஆன்லைன் ஏலத்துக்கு வந்த ஒரு வீட்டின் அறிவிப்பைப் போட்டு, அதிலுள்ள ஆர்.பி., இ.எம்.டி., எஸ்.பி. எல்லாம் என்னவென்று முன்பு கேட்டிருந்தேன். தெரிந்த வக்கீல் அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார். நம்ம பக்கத்து ஆட்கள் பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

ஆர்.பி. ரிசர்வ் பிரைஸ், ஏலம் அங்கேதான் தொடங்கும். இ.எம்.டி. முன்பணம், பெரும்பாலும் அதில் பத்து சதவீதம். ஏலம் நமக்கு விழாவிட்டால் திரும்ப வந்துவிடும். விழுந்துவிட்டால் முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ மறு வேலைநாளிலோ கட்டியாக வேண்டும். மீதிக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள்; வங்கி சம்மதித்தால் கொஞ்சம் நீட்டலாம். லோன் வரும் என்று நம்பி இறங்குகிறவர்கள் இதை முதலில் யோசியுங்கள். தவறினால் கட்டியது போச்சு.

எஸ்.பி.தான் முக்கியம். சிம்பாலிக் பொசெஷன், அதாவது வீடு பேருக்கு மட்டும் வங்கி வசம். சுவரில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று, ஆனால் சாவி இன்னும் கடன் வாங்கிக் கட்டாத வீட்டுக்காரர் கையில். உள்ளே குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வங்கிகள் வராக்கடனை வசூலிப்பதற்கான 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி வங்கி ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போட்டு வீட்டைக் கையில் எடுக்க வேண்டும். அது எப்போது முடியும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். பி.பி. (பிசிக்கல் பொசெஷன்) என்றிருந்தால் சாவி வங்கியிடமே இருக்கிறது. விலை குறைவு என்று மயங்கும் முன் இந்த இரண்டு எழுத்தைப் பாருங்கள்.

அப்புறம், "உள்ளது உள்ளபடி" என்ற வரி. வீட்டு வரி, கரண்ட் பாக்கி இருக்கிறதா என்று நாம்தான் விசாரிக்க வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

நாங்கள் பார்த்தது எஸ்.பி. அப்பாவுக்கு அந்தத் தெரு ரொம்பப் பிடித்திருந்தது, இருந்தாலும் விட்டுவிட்டோம்.