கார்ட்ரிட்ஜ் நேராகத்தான் இருந்தது, கான்டிலீவர் கோணல்

எல்பி இசைத்தட்டு கேட்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை பழகியிருக்கும். ஒரு பக்கத்தின் முதல் பாட்டு கண்ணாடி மாதிரி கேட்கும். தட்டின் நடுவிலுள்ள லேபிளை நெருங்க நெருங்க, பாடுகிறவர் 'ஸ' என்று தொடங்கும் இடமெல்லாம் சீறும். என்னிடம் அது வலது ஸ்பீக்கரில்தான் அதிகம். ஊசியைத் தாங்கும் கையான ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் ஆன்டி ஸ்கேட்டைக் கொஞ்சம் கூட்டியதும் இரண்டு பக்கமும் சமமாயிற்று. ஆனால் சீறல் போகவில்லை. தட்டு தேய்ந்திருக்கும் என்றார்கள் நண்பர்கள். அன்றைக்குத்தான் உறை பிரித்த தட்டிலும் அதே கதை. ஊசியும் புதுசு. மிஞ்சியது அலைன்மென்ட்தான், அதாவது தட்டின் பள்ளத்தில் ஊசி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது.

தட்டை வெட்டும் கருவி மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. நம் ஆர்மோ ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு வில்லாக வளைந்து வருகிறது. அதனால் ஊசி பள்ளத்தோடு சரியாக ஒத்துப்போவது இரண்டே இடங்களில். பேர்வால்ட் என்பவர் 1941இல் போட்ட கணக்குப்படி அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. மற்ற இடங்களில் ஒன்றிரண்டு பாகை பிசகும். அந்தப் பிசகை வெளி ஓரம் பொறுத்துக்கொள்ளும். அங்கே ஊசிக்கடியில் நொடிக்கு 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிள் பக்கம் அது 21 செ.மீ.தான். அதே 'ஸ' பாதி நீளத்துக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது, அரை பாகை தப்பினாலும் காது காட்டிக்கொடுக்கிறது.

அந்த இரண்டு புள்ளிகளும் கட்டங்களும் குறித்த அலைன்மென்ட் தாளை 100 சதவீத அளவில் அச்செடுத்தேன். பிரின்டர் தானாகச் சுருக்கிவிடும், ஸ்கேல் வைத்து அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது. ஊசி இரண்டு புள்ளியிலும் உட்கார்ந்தது, ஊசி பொருந்திய சிறு கூடான கார்ட்ரிட்ஜின் ஓரங்களும் கட்டங்களுக்கு இணையாக நின்றன. அப்புறம் லென்ஸை எடுத்து முன்பக்கமிருந்து, ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய தண்டான கான்டிலீவரைப் பார்த்தேன். கார்ட்ரிட்ஜ் உடலின் நடுக்கோட்டை விட்டு இடதுபக்கமாகச் சாய்ந்து நின்றது. பெட்டியில் வரும்போதே அப்படித்தான். 0.5 மி.மீ. பென்சில் லீடு ஒன்றைத் தாளின் கோட்டின் மேல் படுக்கவைத்து, கான்டிலீவர் அதோடு சேரும்வரை உடலைத் திருப்பினேன். இப்போது ஆர்மின் நுனியிலுள்ள ஹெட்ஷெல்லில் கார்ட்ரிட்ஜ் கோணலாகத் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "சரியா மாட்டலையா?" என்று கேட்கிறார்கள். கடைசிப் பாட்டு சுத்தமாகிவிட்டது, கேட்டுவிட்டுப் போகட்டும்.

* * *

மேலே நீங்கள் எழுதிய கோணல் கான்டிலீவர் எனக்கும் வாய்த்தது. ஆனால் பேர்வால்டில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. என்னுடையது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள். ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையம் வரை 52 மி.மீ. இருக்கவேண்டும் என்பது அதற்கான அளவு. அதன்படி வைத்தால் உள்பக்கம் நன்றாகவே கேட்கிறது. பேர்வால்டுக்கு மாற்றினால் கார்ட்ரிட்ஜை முன்னால் தள்ளி உள்நோக்கித் திருப்பவேண்டியிருக்கும்.

நான் அதிகம் கேட்பது சிம்ஃபனி. உச்சக்கட்டமே பக்கத்தின் கடைசி நிமிடங்களில் வருகிறது. ஸ்டீவன்சன் என்பவரின் கணக்கு அந்த இடத்துக்காகவே போட்டது போல, உள் புள்ளியை 60.3 மி.மீ.யில் வைக்கிறது. நடுவில் பிசகு கூடும், தெரியும். பதினெட்டு நிமிடத்தில் முடிந்து லேபிளுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும் தட்டுகளைக் கேட்பவருக்கு அது வீண். அவரவர் அலமாரியைப் பார்த்து முடிவு செய்யவேண்டிய விஷயம் இது.

* * *

மேலே எழுதிய இருவருக்கும் ஒரு சின்ன விஷயம். புள்ளியில் கச்சிதமாக நின்ற கார்ட்ரிட்ஜ், ஸ்க்ரூவை முறுக்கும் கடைசி நொடியில் ஸ்க்ரூவோடு சேர்ந்து திரும்பிவிடுகிறது. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாறி மாறிக் கால் சுற்றாக முறுக்கினால் அசையவில்லை. ஊசி உறையைப் போட்டுக்கொண்டுதான் அந்த வேலை. காந்தமுள்ள ஸ்க்ரூடிரைவர் பக்கத்திலேயே வரக்கூடாது, கார்ட்ரிட்ஜ் அதைச் சடாரென்று இழுக்கும்.

அதோடு ஊசி தட்டை அழுத்தும் எடையை முதலிலேயே உத்தேசமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பாரம் ஏறும்போது கான்டிலீவர் சற்று அமிழ்ந்து முனை நகர்கிறது. எடையே வைக்காமல் பார்த்த புள்ளி தட்டில் நிற்காது. கார்ட்ரிட்ஜை முன்பின் தள்ளினால் எடையும் மாறும், கடைசியில் மறுபடி அளக்கவேண்டும்.

டெனான் டிஎல்-103 மாதிரி உருண்டை முனை ஊசி என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். அது கொஞ்சம் பிசகையெல்லாம் கண்டுகொள்ளாது. 2.5 கிராம் வைத்து, புள்ளிகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாட்டைப் போடலாம். ஷிபாட்டா, மைக்ரோலைன் மாதிரி நுணுக்கமாகச் செதுக்கிய முனை வைத்திருப்பவர்கள் லென்ஸை மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.