பின்னழுத்தமா, எதிரழுத்தமா, முட்டழுத்தமா?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கார் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியில் இடைஞ்சல் இருந்தால் அங்கே அழுத்தம் ஏறுகிறது, குதிரைத்திறன் இறங்குகிறது. பட்டறைகளில் 'பேக் பிரஷர்' என்பார்கள். நான் 'பின்னழுத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், 'எதிரழுத்தம்' என்றும் சொல்லலாம். அச்சுக்குப் போவதற்குள் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பின்னழுத்தமே இருக்கட்டுமா?

மடல் 2

ஐயா, வணக்கம்.

பின்னழுத்தம் வேண்டாம். இலக்கணத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஒரு பையன் சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்தச் சொல் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

கோவையில் நண்பரின் பட்டறைக்கு ஒரு பழைய மாருதி எஸ்டீம் கார் வந்தது. 1,298 கன சென்டிமீட்டர் எஞ்சின், புதிதாக இருந்தபோது 85 குதிரைத்திறன். உரிமையாளர் வேறெங்கோ கொடுத்து, சைலன்சர் குழாயை இரண்டரை அங்குலத்துக்கு மாற்றியிருந்தார். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. அங்கே வேலை பழகும் பையனிடம் "பின்னழுத்தம் ஏறியிருக்கும்" என்றேன். "பின்னாலிருந்து தள்ளுகிற அழுத்தம்தானே சார், ஏறினால் நல்லதுதானே?" என்று கேட்டான்.

அவன்மேல் குற்றமில்லை. பின்பலம், பின்பாட்டு, பின்துணை என்று நம் காதில் விழுகிற 'பின்' எல்லாம் ஆதரவாகவே நிற்கிறது. பின்னடைவு என்று ஒன்று உண்டே என்பீர்கள். அங்கே 'பின்' பின்னோக்கிப் போவதைச் சொல்கிறது, பின்னாலிருந்து தள்ளுவதை அல்ல.

அன்று அளந்தும் பார்த்தோம். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரியைக் கழற்றி, அந்தத் துளையில் செப்புக்குழாய் ஒன்றைத் திருகி, மறுமுனையில் அழுத்தமானியை மாட்டினோம். (ரப்பர் குழாயை நேரே மாட்டினால் அந்தச் சூட்டில் பிசினாகிவிடும்.) நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும்படி வண்டியை உருளைமேல் ஏற்றி முழுக்க மிதித்து, நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்குக் கொண்டுபோனபோது முள் 3 பவுண்டில் நடுங்கிக்கொண்டு நின்றது. டயருக்குக் காற்றடிக்கிறவர் சொல்லும் அதே பவுண்டுதான். ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல்.

இதற்குக் கணக்கு எளிது. 6,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 முறை புகையை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் கிடைக்கிற நேரம் ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்கு. 1.298 லிட்டரை 50 முறை, 20 கிலோபாஸ்கலை எதிர்த்துத் தள்ளினால் 1,298 வாட் செலவாகிறது. அதாவது ஒன்றேமுக்கால் குதிரை சக்கரத்துக்குப் போகாமல், புகையைத் தள்ளியே களைத்துப்போகிறது. வெளியே போக முடியாமல் தங்கிவிட்ட சூடான புகை, புதிதாக வர வேண்டிய காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வது தனிக்கணக்கு.

3,000 சுற்றில் இது தெரியவே தெரியாது. புகையின் அளவு பாதியானால் அழுத்தம் கால்பங்காகிறது. தள்ளும் தடவையும் பாதி என்பதால் இழப்பு எட்டில் ஒரு பங்கு. ஊருக்குள் ஓட்டும்போது சாதுவாக இருந்த வண்டிக்கு நெடுஞ்சாலையில் மிதித்ததும் மூச்சு முட்டுவது இதனால்தான்.

பிறகு குழாயை அறுத்துப் பார்த்தோம். பின் அச்சுக்கு மேலே ஏறி இறங்கும் வளைவில், வளைக்கும்போதே சப்பையாகியிருந்தது. உள்பக்கச் சுவர் புடவைக் கொசுவம்போல மடிந்து கிடந்தது. வாய் இரண்டரை அங்குலம், தொண்டை ஒன்றரைகூட இல்லை.

'மூச்சு முட்டுதல்' என்று மேலே என்னை அறியாமல் எழுதிவிட்டேன் பாருங்கள். அதையே எடுத்துக்கொண்டால் என்ன? முட்டழுத்தம். முட்டுக்கட்டை, முட்டுச்சந்து எல்லாம் துணைக்கு வரும்.

மடல் 3

முட்டழுத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயப்போகிற சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அது என்ன முட்டு? தாங்கிப் பிடிப்பது. பின்னழுத்தத்தில் அந்தப் பையன் கண்ட ஆதரவு, இதில் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். முப்பது வருடம் தமிழ் கற்பித்தவள் என்பதால் மாணவர்கள் எந்தப் பொருளைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. என் தம்பி ஒரு காலத்தில் ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தான். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டி இழுக்கவே இழுக்காது என்பான். அப்படியானால் கொஞ்சம் அழுத்தம் எஞ்சினுக்கு வேண்டும்தானே? வேண்டும் என்றால் 'எதிர்' என்று போடுவதும் அநியாயம். முதலில் அது நண்பனா பகைவனா என்று தீர்த்துக்கொண்டு பெயர் வையுங்கள்.

மடல் 4

அம்மா, சுவருக்குக் கொடுக்கும் முட்டை நான் யோசிக்கவே இல்லை. முட்டழுத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் தம்பியின் கதையை விட மனமில்லை. அவர் கண்டது உண்மை, பெயர்தான் தவறு. ஆர்எக்ஸ் 100 இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) வண்டி. அதன் சைலன்சர் நடுவில் பருத்து, முனையில் குறுகும். குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலை, சிலிண்டரிலிருந்து நழுவி வந்த புதுப் பெட்ரோல் கலவையை, புகை வெளியேறும் துளை மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் பந்தய வண்டிகளுக்காக வால்டர் காடன் என்ற பொறியாளர் இதைத்தான் பாடுபட்டுச் செம்மையாக்கினார். குழாயைக் கழற்றினால் அலை போய்விடும். அது வந்து போகிற அலை. நிலையாக நின்று தடுக்கிற அழுத்தம் அல்ல.

நான்கு வீச்சு காரிலும் ஏறக்குறைய இதே மயக்கம்தான். அளவான குழாயில் வேகமாக ஓடும் புகை தனக்குப் பின்னே தாழ்வழுத்தத்தை விட்டுச் செல்கிறது. அடுத்து வரும் புகையை அது இழுத்துக்கொள்கிறது. அளவுக்கு மீறி அகலமான குழாயைப் போட்டால் ஓட்டம் சோம்பி, இந்த இழுப்பு போய்விடும். உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் புகை சிலிண்டருக்கே திரும்பும். வண்டி கீழ்ச் சுற்றுகளில் தொய்ந்ததும் 'அழுத்தம் போய்விட்டது' என்கிறார்கள். போனது இழுப்பு. ஆகவே அழுத்தம் பகைவன்தான். 'எதிர்' என்று போடுவதில் அநியாயம் இல்லை.

திரும்பி வருகிற அந்தப் புகைக்கும் ஒரு சொல் வேண்டும். சாப்பிட்டது தொண்டைக்குத் திரும்பினால் எதுக்களிக்கிறது என்கிறோம். எஞ்சினுக்கும் எதுக்களிப்பு என்றே வைத்தால் என்ன?

மடல் 5

எதுக்களிப்புக்கு என் முழு ஓட்டு. பித்தத்தால் அவதிப்பட்டவர்களுக்கெல்லாம் உடனே விளங்கும்.

எதிரழுத்தத்துக்கும் சரி என்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: சப்பை வளைவையும் 3 பவுண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடாதீர்கள். வளைவு தடை, பவுண்டு அதன் விளைவு. முதலாவதற்குப் 'புகைவழித்தடை' என்று தனியாகவே எழுதுங்கள்.

மடல் 1-ஐ எழுதியவரின் பதில்

மூன்றையும் எடுத்துக்கொண்டேன்: புகைவழித்தடை, எதிரழுத்தம், எதுக்களிப்பு. புகை புகையைக் கூட்டிப்போகும் அந்த இழுப்பை இழுப்பு என்றே எழுதுகிறேன். அடுப்புப் புகைபோக்கிக்கு நாம் சொல்வதுதானே. பின்னழுத்தம் பதினோரு இடத்தில் இருந்தது, எல்லாவற்றையும் திருத்தியாயிற்று. சைலன்சர் சைலன்சராகவே இருக்கும். அதற்கும் தமிழ் தேடி யாரும் தயவுசெய்து மடல் போட வேண்டாம், திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.