வெப் பக்கத்துல காட்ட வேண்டிய லிஸ்ட் காலியா வந்து மாட்டிக்கிட்ட அனுபவம் இருக்கா?

பழைய_பிளேடு:
லாரவெல் (பிஎச்பில வெப்சைட் கட்டற ஃபிரேம்வொர்க்), ஆர்டர் பக்கம். ஆர்டரை ஒண்ணொண்ணா காட்டற ஃபோர்ஈச் லூப்புக்கு மேல, ஆர்டர் இருந்தா மட்டும் காட்டுன்னு "இஃப் ஆர்டர்ஸ்" காவலும் வச்சிருந்தேன். என் மெஷின்ல டெஸ்ட் டேட்டா நிரப்பற சீடர் புண்ணியத்துல எப்பவும் இருபது ஆர்டர் இருக்கும், ஜோரா ஓடுச்சு. டெமோ அன்னைக்கு கிளையண்ட் புதுசா ஒரு அக்கவுண்ட் திறந்துட்டார். "உங்கள் ஆர்டர்கள்"னு தலைப்பு, தேதி, தொகை, நிலைன்னு டேபிள் தலை, கீழ வெள்ளை. ரீஃப்ரெஷ் பண்ணார். திரும்பப் பண்ணார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நெட் போயிடுச்சா தம்பி?"

வெறும் லிஸ்ட், அதாவது அரே, காலின்னா பிஎச்பி ஃபால்ஸ்னு எடுத்துக்கும். ஆனா லாரவெல் தந்த லிஸ்ட் கலெக்ஷன்ங்கற ஆப்ஜெக்ட்டாச்சே, காலியா இருந்தாலும் ட்ரூதான். லிஸ்ட் காலின்னா வேற வரி காட்டற ஃபார்எல்ஸ் போட்டிருந்தா வேலை முடிஞ்சது. அந்த "தம்பி" இன்னும் காதுல கேக்குது.

முட்டை:
எனக்கு ரியாக்ட் (ஸ்கிரீன் கட்டற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி). கார்ட் பக்கத்துல அநாதையா ஒரு 0. லிஸ்ட்ல எத்தனை இருக்குன்னு சொல்ற லெங்த்துக்குப் பக்கத்துல, "இருந்தா மட்டும் காட்டு"ன்னு ரெண்டு ஆம்பர்சண்ட் (&&) போட்டதோட பலன். ஃபால்ஸ், நல் வந்தா ரியாக்ட் கண்டுக்காது. 0 நம்பராச்சே, அப்படியே காட்டிடும். டெஸ்டர் டிக்கெட்டுக்கு வச்ச தலைப்புதான் இப்ப என் பேரு.

பாம்பு_டெவ்:
பிளேடு அண்ணே, இஃப்பே வேண்டாம்ங்கறேன். பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க் டிஜாங்கோவுல ஃபார் லூப்புக்குள்ளயே, லிஸ்ட் காலின்னா காட்ட எம்ப்டின்னு ஒரு பகுதி இருக்கு, 2009ல 1.1லயே வந்தாச்சு. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஆங்குலர்ங்கற ஃபிரேம்வொர்க்ல 17 வந்த 2023 வரைக்கும் அவங்களுக்கு அது கிடையாது, பாவம். ஜிஞ்சாங்கற இன்னொரு பைத்தான் டெம்ப்ளேட்ல அதுக்குப் பேரு எல்ஸ். நான் அடிபட்டது அங்கதான்: பைத்தான் ஃபார்ல எல்ஸ்னா லூப் நடுவுல பிரேக் ஆகி நிக்காம முடிஞ்சா ஓடும், ஜிஞ்சாவுல ஒரு சுத்துகூட ஓடலன்னாதான் ஓடும். ஒரு மதியம் போச்சு.

கேக்காட்டியும் சொல்றேன். டேபிள் தலையை லூப்புக்கு வெளிய விட்டா எம்ப்டி இருந்தும் அசிங்கம்தான். புது ஆளுக்கு "இன்னும் ஆர்டர் இல்லை"ன்னு சொல்லி கடைக்கு ஒரு லிங்க் குடுங்க. ஃபில்டர் போட்டு ஒண்ணும் சிக்காதவருக்கு அதே வரியக் காட்டாதீங்க, ஃபில்டரை எடுக்க ஒரு பட்டன் வைங்க. சீடரை நிறுத்திட்டு ஒரு தடவையாவது பக்கத்தைத் திறந்து பாருங்க.

ராத்திரி_டீ:
எம்ப்டி போட்டா எல்லாம் சரியாயிடுமா பாம்பு? எங்க நிலுவைப் பக்கத்துல அழகா எம்ப்டி இருந்துச்சு. பின்னாடி டேட்டா தர்ற ஏபிஐ விழுந்துச்சு; அந்தப் பிழையைப் பிடிக்கற கேட்ச்ல யாரோ காலி அரே ரிட்டர்ன் பண்ணி வச்சிருந்தாங்க. பச்சை டிக்கோட "உங்களுக்கு நிலுவை எதுவும் இல்லை"ன்னு எல்லாருக்கும் காட்டிருச்சு. அடுத்த வாரம் ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துட்டு கவுண்டருக்கே வந்துட்டார்.