கூறுவெளி எது என்று கேட்டபோது: நிகழ்தகவு வகுப்பறை அனுபவங்கள்

கணிதத் துறை ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

கணினி அறிவியல் மாணவர்கள் பி.க்யூ.டி. என்று சுருக்கி அழைக்கும் நிகழ்தகவு, வரிசைக் கோட்பாட்டுத் தாளைப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் நடத்தி வந்திருக்கிறேன். நிகழ்தகவு எங்கே எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்திச் சார்பைக் கொடுத்து அதிலுள்ள மாறிலியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பெரும்பாலோர் பிழையின்றி முடித்துவிடுவார்கள். அதே கணக்கில் சோதனை எது, அதன் விளைவுகள் (அவை அனைத்தும் சேர்ந்ததே கூறுவெளி) எவை, ஒவ்வொரு விளைவுக்கும் சமவாய்ப்பு மாறி எந்த எண்ணைக் கொடுக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் தொகையிட மட்டும் தெரிந்துகொண்ட மாணவர் முதலாண்டு நுண்கணிதத்தைத்தான் மறுபடியும் படித்திருக்கிறார், நிகழ்தகவை இன்னும் தொடவில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒருமுறை, 0 முதல் 0.5 வரை சீராகப் பரவிய மாறியின் அடர்த்தியைக் கரும்பலகையில் எழுதுமாறு ஒரு மாணவியை அழைத்தேன். அவர் சரியாகவே 2 என்று எழுதினார். ஒரு நொடி அதைப் பார்த்தார். உடனே அழித்துவிட்டு 0.5 என்று மாற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "நிகழ்தகவு ஒன்றைத் தாண்டக் கூடாதே, சார்" என்றார். நன்றாகப் படிப்பவருக்கு மட்டுமே இந்த ஐயம் வரும் என்பதால் அதைப் பாராட்டிவிட்டு, அரை மீட்டர் நீளமும் ஒரு கிலோ எடையும் உள்ள கம்பியில் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேட்டேன். "இரண்டு" என்று சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அடர்த்தி எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம், ஒன்றாக இருக்க வேண்டியது மொத்தப் பரப்புதான் என்பதை அதன் பிறகு அந்த வகுப்புக்கு நான் மறுமுறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சமவாய்ப்பு மாறி என்பது ஒரு சார்பு என்ற வரையறையை இரண்டு மதிப்பெண் கேள்விக்காக எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது உள்ளே இறங்க வேண்டுமென்றால், முதல் அலகிலேயே நாணயப் பயிற்சி ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை உண்மையாகவே நாணயத்தை 100 முறை சுண்டித் தலை, பூ என வரிசையாக எழுதச் சொல்லுங்கள். மறு பாதியினர் நாணயத்தைத் தொடாமல் மனத்தில் தோன்றியபடி எழுதட்டும். எவர் எந்தப் பாதி என்று தெரியாதபடி நீங்கள் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து தாள்களைப் பிரியுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையோ அதற்கு மேலோ வந்திருக்கும் தாள்களை உண்மைக் குவியலிலும் மற்றவற்றைக் கற்பனைக் குவியலிலும் வைத்தால் போதும். சீரான நாணயத்தை 100 முறை சுண்டும்போது அப்படியொரு தொடர் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. கற்பனையாக எழுதுபவருக்கோ நான்கு தலை சேர்ந்தாற்போல் வந்ததும் கை தானாகவே பூவுக்குத் தாவிவிடும்.

இங்கேதான் சமவாய்ப்பு மாறி வருகிறது. 100 எழுத்துகள் கொண்ட ஒரு முழுத் தாள் என்பதே ஒரு விளைவு. எழுதப்படக்கூடிய தாள்கள் அனைத்தும் சேர்ந்து கூறுவெளி, அவற்றின் எண்ணிக்கை 31 இலக்க எண். மிக நீண்ட தொடரின் நீளம் ஒரு மாறி, தலைகளின் எண்ணிக்கை வேறொரு மாறி, முதல் பூ வந்த இடம் மூன்றாவது மாறி. தாள் மாறவில்லை, அதைப் படித்து எண்ணாக்கும் விதிதான் மாறுகிறது. இதைத் தங்கள் கையெழுத்திலேயே பார்த்த மாணவர்கள் பின்னர், தலைகளின் எண்ணிக்கை போன்ற மாறிக்குரிய ஈருறுப்புப் பரவலுக்கு வரும்போது தடுமாறுவதில்லை. உண்மையாகச் சுண்டியவரின் தாளிலும் ஆறு வராமல் போகலாமே என்று ஒரு மாணவர் கேட்டார்; போகலாம், ஐந்து தாள்களில் ஒன்று அப்படித்தான் தவறான குவியலுக்குப் போய்ச் சேரும் என்றேன். தரவைப் பார்த்து ஓர் ஊகத்தை மறுப்பதா என்று முடிவெடுக்கும் கருதுகோள் சோதனையை அங்கிருந்தே தொடங்க முடிந்தது.

மின்னணுவியல் துறை ஆசிரியை, திருச்சிராப்பள்ளி

ஐயா குறிப்பிட்ட அதே அமைதியை நான் காலத்தோடு தொடரும் சமவாய்ப்பு மாறிகளான சமவாய்ப்புச் செயல்முறைகளில் சந்திக்கிறேன். மாறாத வீச்சும் அதிர்வெண்ணும் கொண்ட ஒரு கொசைன் அலையின் கட்டம், அதாவது அலை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்னும் கோணம், மட்டும் 0 முதல் 2 பை வரை சீராகப் பரவியிருந்தால், அந்தச் செயல்முறை விரிந்த பொருளில் நிலையானது (சராசரி காலத்தோடு மாறாது, இரு நேரங்களின் மதிப்புகளுக்கிடையேயான தொடர்பு அவற்றின் இடைவெளியை மட்டுமே பொறுத்தது) என்று நிறுவும் கணக்கை எங்கள் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ஆனால் இதில் தற்செயலானது எது என்று கேட்டால், அலை ஒவ்வொரு நொடியும் தாறுமாறாகத் துள்ளுகிறது என்று பலர் விடை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கட்டம் ஒரே ஒருமுறை தேர்வாகிறது, அதன் பிறகு அலை முழுவதும் உறுதியானது என்பதை மேட்லேப் என்னும் கணிப்பு மென்பொருளில் பல அலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து காட்டிய பிறகே நம்பினார்கள்.

அடுத்து, கட்டத்தின் எல்லையை 0 முதல் பை வரை என்று குறைத்துக் கொடுத்தேன். விடையை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அதே முடிவை எழுதினார்கள். தொகையிட்டுப் பார்த்தவர்களுக்குச் சராசரியே காலத்தோடு ஏறி இறங்கும் ஒரு சைன் அலையாக வந்தது. அப்படியானால் நிலைத்தன்மை இல்லை. அரை வட்டத்துக்குள் மட்டும் கட்டங்கள் குவிந்திருந்தால் அவை ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்ய முடியாது என்று பின்வரிசை மாணவர் ஒருவர் படம் வரைந்து விளக்கினார், அதுவும் சமன்பாடு ஏதும் எழுதாமல்.

முன்னாள் மாணவர், சென்னையில் மென்பொருள் பணி

கணித ஆசிரியர் தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளில், விளைவுகள் எவை என்பது என் அன்றாட வேலையில் வருகிறது. எங்கள் வழங்கியின் (கோரிக்கைகளுக்கு விடையளிக்கும் கணினியின்) சராசரி மறுமொழி நேரம் 500 மில்லிநொடி என்று கண்காணிப்புத் திரை காட்டியது. வாடிக்கையாளர்களோ ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது என்று முறையிட்டார்கள். இரண்டுமே உண்மைதான். திரை ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சராசரி எடுத்து, பின்பு அந்தச் சராசரிகளுக்கே சராசரி எடுத்திருந்தது. ஓய்வான ஒரு நிமிடத்தில் 10 கோரிக்கைகள் தலா 100 மில்லிநொடியிலும், நெரிசலான அடுத்த நிமிடத்தில் 990 கோரிக்கைகள் தலா 900 மில்லிநொடியிலும் முடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிடங்களின் சராசரி 500. கோரிக்கைகளின் சராசரி 892.

கூட்டத்தில் இதை விளக்கும்போது சூத்திரம் எதையும் நான் எழுதவில்லை. கூறுவெளியில் இருப்பவை நிமிடங்களா, கோரிக்கைகளா என்று மட்டும் கேட்டேன். இப்போது அந்தத் திரையில் இரண்டு எண்களும் அருகருகே, எதன் சராசரி என்ற குறிப்புடன் காட்டப்படுகின்றன.