நூறு எண் அட்டைகளுக்கு ரியாக்ட் தேவையா?

ரோஸ்ஹில்_வாத்தியார்:
ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பக்கம் செய்திருக்கிறேன். 1 முதல் 100 வரை தமிழ் எண் அட்டைகள்; தொட்டால் அட்டை திரும்பி 'இருபத்தைந்து' என்று எழுத்தில் காட்டும். நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எண் இருக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை. பக்க அமைப்புக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று மூன்றே கோப்புகள். பார்த்துக் குறை சொல்லுங்கள்.

எபேன்_நிரலர்:
ஐயா, நல்ல முயற்சி. ஆனால் இதை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வைத்துச் செய்திருக்கலாம். நாளைக்கு மதிப்பெண் வேண்டும், கிரியோல் விளக்கம் வேண்டும் என்பீர்கள். நான் ஒரு கடைக்குக் கையாலேயே விலைக் கணக்குப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரே தொகையை மூன்று இடத்தில் திருத்த வேண்டி வந்தது, ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அவதி உங்களுக்கு வேண்டாம். பெரிய பிள்ளைகள் வேலை தேடும்போதும் ரியாக்ட்தான் கைகொடுக்கும்.

ரோஸ்ஹில்_வாத்தியார்:
தம்பி, ரியாக்டும், அதைப் பக்கத்தில் காட்டும் டாம் பகுதியும் சுருக்கிய பிறகே 40 கேபிக்கு (கிலோபைட்டுக்கு) மேல். என் மூன்று கோப்பும் சேர்ந்து 6 கேபி. அதைவிட முக்கியம், பிள்ளைகள் உள்ளே பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு சிறுமி, அட்டை எப்படித் திரும்புகிறது என்று கேட்டாள். சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து காட்டினேன். 180 டிகிரி இருந்த இடத்தில் அவளே 90 என்று மாற்றினாள். அட்டை பாதியில் ஓரமாக நின்று கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. ஏன் என்று கேட்டதற்கு நோட்டுப் புத்தகத்தின் ஓரம் கண்ணுக்கு நேராக வரும்படி பிடித்து அவளே விளக்கினாள். இந்த இடத்துக்கு வர ரியாக்டில் எத்தனை படி ஏற வேண்டும்?

கியூர்பீப்_அக்கா:
சண்டை இருக்கட்டும். பத்தாவது அட்டையில் ௧௦ என்று வருகிறதே! மரபுப்படி ௰ அல்லவா? 25 என்றால் ௨௰௫.

ரோஸ்ஹில்_வாத்தியார்:
ஐயோ, ஆமாம் அக்கா. சிஎஸ்எஸ்ஸில் 'தமிழ்' என்றே ஓர் எண் பாணி உண்டு, அதை நம்பிவிட்டேன். அது சுழியம் வைத்து இடமதிப்பு முறையில் எழுதுகிறது. எண் பாணியை நாமே வரையறுக்க உதவும் கவுண்டர்-ஸ்டைல் என்ற சிஎஸ்எஸ் விதியில் கூட்டல் முறை இருக்கிறது. ௧ முதல் ௯ வரை, ௰ முதல் ௯௰ வரை, அப்புறம் நூறுக்கு ௱. மொத்தம் 19 குறிகள் கொடுத்தால் போதும், மிச்சத்தை உலாவியே சேர்த்துக்கொள்ளும்.

எபேன்_நிரலர்:
அந்த விதி ஐபோனின் உலாவியான சஃபாரிக்கு 17ஆம் பதிப்பில், 2023இல்தான் வந்தது. பிள்ளைகள் கையில் இருப்பது அப்பாவின் பழைய ஐபோன்.

ரோஸ்ஹில்_வாத்தியார்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். அதே 19 குறிகளை ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலாக வைத்து, பெரிய எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வரும் ஒரு சுற்று எழுதிவிடுகிறேன். பத்து வரிதான் வரும், பழைய போனிலும் ஓடும். ஆனால் ரியாக்டுக்கு இன்னும் வழி விடவில்லை.

எபேன்_நிரலர்:
நானும் விடவில்லை ஐயா. இன்று இரவே ரியாக்டில் எழுதி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒரே பழைய போனில் திறந்து பிள்ளைகளிடம் கொடுங்கள்.

கியூர்பீப்_அக்கா:
இரண்டிலும் நூறாவது அட்டையை முதலில் பாருங்கள். ௱ சில போன்களில் வெறும் கட்டமாகத் தெரியும்.